வாசல் கேட்டுப் போன இடத்தில்: ஒரு தச்சுப் பட்டறை பற்றிய மதிப்புரை

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தச்சுப் பட்டறையில், புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டுக்குத் தலைவாசல் நிலையும் (கதவைத் தாங்கும் மரச்சட்டம்) கதவும், உள் அறைகளுக்கான நிலைகளும் செய்து வாங்கினோம். பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பாராட்டோடு குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். இங்கே சொல்பவை எந்தப் பட்டறைக்குப் போகிறவருக்கும் பயன்பட வேண்டும் என்பது மற்றொன்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரத்தின் தரமும் இணைப்பு வேலையும் முதல் தரம், விலையில் ஒளிவுமறைவு இல்லை, மெருகு வேலை சுமார், சொன்ன தேதிக்குப் பொருள் வந்து சேர்வது மட்டும் நம்பத்தக்கதாக இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாசல் என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அளவு நாடாவைக் கையில் எடுத்த ஒரே பட்டறை அதுதான். பட்டறையின் பெருமதிப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே வாசல் என்றால் வீட்டின் தெருப்பக்கம் முழுவதும் வாசல்தான். "வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள்" என்று சொன்னால், வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம், படியில் நிற்கலாம், தெருவிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டும் இருக்கலாம். பட்டறையின் மூத்த ஆசாரியிடம் என் தாயார், "வாசல் நல்லா அகலமா இருக்கணும், நாலு பேர் வந்தா இடிச்சுக்காம நிக்கணும்" என்று சொன்னபோது, உடன் இருந்த இளைய ஆசாரி நான்கடி அகல நிலை என்று குறித்துக்கொள்ளப் போனார். மூத்தவர் அவரைக் கையமர்த்திவிட்டு, "அம்மா, நாங்க வாசலுன்னா வெளியில சாணி தெளிச்சுக் கோலம் போடற எடத்தைச் சொல்லுவோமுங்க. கட்டடக்காரங்க நிலையைத்தான் வாசலுங்கறாங்க. நீங்க எதைச் சொல்றீங்க?" என்று கேட்டார். என் தாயார் கேட்டது இரண்டையும் அல்ல. படிக்கும் கதவுக்கும் நடுவே, கூரை நிழலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசுவதற்கான இடத்தையே அவர் மனத்தில் வைத்திருந்தார். நிலையை நான்கடி ஆக்கியிருந்தால் அந்த இடம் ஓர் அங்குலம்கூடக் கூடியிருக்காது. பாரமான கதவுதான் கிடைத்திருக்கும், பணமும் வீணாகியிருக்கும்.

இந்தக் குழப்பம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. சொல்லின் வரலாற்றிலேயே அது இருக்கிறது. இல்லத்தின் வாய் என்னும் பொருளில் அமைந்த 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆனது என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருக்கிறோம். அதே பாடத்தில் அதன் பக்கத்திலேயே நிற்கும் எடுத்துக்காட்டு 'முன்றில்'; இல்முன், அதாவது வீட்டுக்கு முன்னால் இருக்கும் வெளி. ஆக, திறப்புக்கு ஒரு சொல்லும் திறப்புக்கு முன்னுள்ள இடத்துக்கு வேறொரு சொல்லும் பழந்தமிழில் தனித்தனியே இருந்தன. உயிர் 'உசிர்' ஆவதுபோலவும் முயல் 'முசல்' ஆவதுபோலவும் யகரம் சகரமாகி வாயில் 'வாசல்' ஆகிப் பேச்சில் நிலைத்தது. முன்றிலோ பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. முன்றில் செய்துவந்த வேலையையும் சேர்த்து வாசலே சுமக்கத் தொடங்கியதால்தான் கொங்கு நாட்டில் வாசலைப் பெருக்க முடிகிறது, தெளிக்க முடிகிறது, கோடைகாலத்தில் அதில் கட்டிலைப் போட்டுப் படுக்க முடிகிறது என்று தோன்றுகிறது. தெலுங்கின் 'வாகிலி'யும் இப்படியே திறப்பையும் முன்வெளியையும் சேர்த்துக் குறிக்கிறது. மலையாளத்தின் 'வாதில்' கதவின் பக்கமாக நகர்ந்துவிட்டது. கன்னடத்தில் 'பாகிலு' என்றால் கதவு, திறப்பு இரண்டும் பொருந்தும். கேரளத்து எல்லைக்கு அருகில் இருக்கும் பட்டறைக்குப் பலவகைப் பேச்சுக்காரர்களும் வருவதால், இந்த வேறுபாடுகளைப் புத்தகம் படிக்காமலேயே அந்த ஆசாரி அறிந்து வைத்திருந்தார். வாடிக்கையாளரின் சொல்லைத் தம்முடைய சொல்லாக எடுத்துக்கொண்டு தலையசைத்துவிடாமல் நிறுத்திக் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவதற்குச் சமமான தொழில்திறமை.

தொழிலுக்குள் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை விலைப்பட்டியல் வந்தபோது கண்டோம். "வாசல் 6" என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்குத் தலைவாசல் ஒன்று, கொல்லை வாசல் ஒன்று என்று இரண்டையே எண்ணிப் பழகியவர்களுக்கு ஆறு என்னும் எண் திகைப்பைத் தரும். படுக்கையறை, சமையலறை, பூசையறை ஆகியவற்றின் நிலைகளையும் சேர்த்து, மரச்சட்டம் வைத்த ஒவ்வொரு திறப்பையும் கட்டட வேலைக்காரர்கள் வாசல் என்றே எண்ணுகிறார்கள். 'வாசக்கால்' என்றாலும் 'நிலை' என்றாலும் அவர்களுக்கு அதுதான். அந்தப் பட்டறையில் தலைவாசலை மட்டும் தனி வரியில் எழுதி, மரம், அளவு, கன அடி, கூலி ஆகியவற்றை அடுத்தடுத்துக் குறிப்பிட்டிருந்தார்கள். மற்ற ஐந்துக்கும் ஒரே வரிதான். அந்த வரியைப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டபோது முகம் சுளிக்காமல் அங்கேயே எழுதிக் கொடுத்தார்கள் என்றாலும், கேட்காமலே அப்படித் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வேப்பமரத்தில் செய்த பூசையறை நிலையும் வேங்கையில் செய்த கொல்லை நிலையும் ஒரே விலைக்கு உரியவை அல்ல.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மர வேலையில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எங்கள் தலைவாசல் நிலைக்கு 6 அங்குலத்துக்கு 4 அங்குலச் சட்டம். நிற்கும் கால்கள் இரண்டும் ஏழரை அடி, மேல் சட்டமும் அடிச்சட்டமும் சுவருக்குள் செல்லும் கொம்புகளோடு சேர்த்து நான்கரை அடி. எல்லாம் சேர்த்து 24 அடி. ஆறையும் நான்கையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் ஓர் அடி நீளத்துக்கு ஆறில் ஒரு பங்கு கன அடி வரும். 24 அடிக்கு 4 கன அடி. நாட்டுத் தேக்கு கன அடி 4,200 ரூபாய் என்று பேசியதால் நிலைக்கான மரம் மட்டும் 16,800 ரூபாய். இந்தப் பெருக்கலை எங்கள் கண் முன்னாலேயே ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் போட்டுக் காட்டினார்கள். இழைப்பதற்கு முன் உள்ள அளவா, இழைத்த பின் நிற்கும் அளவா என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். இழைப்பில் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் தேயும் என்பதால், எந்த அளவுக்குப் பணம் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். நாங்கள் விசாரித்த வேறு சில இடங்களில் "வாசல் ஒன்றுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகச் சொன்னார்களே தவிர, சட்டத்தின் கனம் என்ன என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசாரி காட்டிய கண்டிப்பு குறிப்பிடத்தக்கது. தேக்கின் நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதி பழுப்பாகவும் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி வெளிறியும் இருக்கும். கரையானும் துளைப்பூச்சியும் முதலில் நுழைவது அந்த வெள்ளையில்தான். எங்களுக்கு எடுத்து வைத்த கால்களில் ஒன்றின் பின்முகத்தில், சுவருக்குள் மறைந்துபோகும் பக்கத்தில், விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்ததை அவரே காட்டி, அதை உள் அறை ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டு வேறு கால் எடுத்தார். மறையும் பக்கம் என்பதால் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம். மரத்தில் ஈரம் எவ்வளவு என்பதை இரண்டு ஊசிகள் கொண்ட கருவியைக் குத்திக் காட்டினார்கள். 12 விழுக்காடு அளவில் இருந்தது. ஈரம் மிகுந்த மரத்தை அவசரமாக நிலையாக்கிச் சுவரில் பதித்துவிட்டால், காயும்போது கால் முறுக்கிக்கொண்டு, கதவு ஒரு மூலையில் இடிக்கத் தொடங்கும். "மழைக்காலத்தில் கதவு ஊதுகிறது" என்று பல வீடுகளில் கேட்கும் புலம்பலுக்குப் பாதிக் காரணம் கதவு அன்று, நிலை.

இணைப்பு வேலையை நான் வெகுநேரம் அருகில் நின்று பார்த்தேன். மேல் சட்டத்தில் உளியால் துளை எடுத்து, காலின் தலையில் அந்தத் துளைக்குப் பொருந்தும் கழுந்தைச் செதுக்கி, இரண்டையும் முதலில் சும்மா கோத்துப் பார்க்கிறார்கள். ஆசாரி கழுந்தை உள்ளே செலுத்திவிட்டு, இணைப்பு வாயில் தபால் அட்டை ஒன்றின் விளிம்பை நுழைக்க முயன்றார். ஒரு பக்கத்தில் அட்டை முனை போயிற்று. உடனே கழற்றி, துளையின் உட்சுவரில் எங்கோ ஓரிடத்தில் உளியை வைத்து நகக்கண் அளவு சீவியெடுத்தார். மறுபடி கோத்தபோது அட்டை எங்கும் நுழையவில்லை. அதற்குப் பின்னர்தான் குறுக்கே துளையிட்டு மூங்கில் ஆணியை அடித்தார்கள். இரும்பு ஆணி ஏன் இல்லை என்று கேட்டதற்கு, இரும்பு துருப்பிடித்துத் தேக்கில் கறுப்புக் கறை விடும், மூங்கில் மரத்தோடு சேர்ந்தே விரிந்து சுருங்கும் என்றார்கள்.

அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சங்கப் பாட்டான நெடுநல்வாடைதான் நினைவுக்கு வந்தது. பாண்டியனின் அரண்மனை வாயிலைப் பாடும் நக்கீரர், இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இணைக் கதவுகளையும், குவளைப் பூ வேலைப்பாட்டையும், தாழையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து, ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை" என்று முடிக்கிறார். கைத்தேர்ச்சி பெற்ற கம்மியன், அதாவது தச்சன், நன்றாக முடுக்கியதால் இடைவெளி சிறிதும் இல்லாமல் போன, வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிய, உயர்ந்த நிலை. மேலே குறுக்கே வைக்கும் மரத்தை 'நாளொடு பெயரிய' மரம் என்கிறார். நாள்மீன் ஒன்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது, அதாவது உத்தரம் என்பது உரைகாரர் தரும் விளக்கம். நிலை என்ற சொல்லை ஆசாரிகள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். புரை தீர்வதையும் இன்றுவரை அதே உளியால் சரிபார்க்கிறார்கள், அட்டை மட்டும் புதியது. நிலை வைக்கும் நாளில் மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து மேல் சட்டத்தில் கட்டியபோது, ஐயவியும் நெய்யும் வேறு உருவில் தொடர்வதாக எனக்குப் பட்டது. இதை ஆசாரியிடம் சொன்னேன். பாட்டு அவருக்குத் தெரியவில்லை; "புரைன்னா சந்துங்களா?" என்று கேட்டுவிட்டு, "சந்து இருந்தா அது நிலையே இல்லீங்க" என்றார்.

வாசற்படியைப் பற்றி நாங்கள் பேசியது இன்னும் நீண்டது. நிலையின் அடியில் குறுக்கே கிடக்கும் சட்டம்தான் படியின் உயிர். "என் வாசப்படி மிதிக்காதே" என்று சண்டையில் சொல்வதும், "வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று ஆறுதலுக்குச் சொல்வதும் அந்தக் குறுக்குச் சட்டத்தை வைத்துத்தான். அதன் மேல் நின்றுகொண்டு எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் என் தாயாருக்கு முழங்கால் வலி. சட்டம் நான்கு அங்குலம் மேலெழும்பி நின்றால் ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். சக்கர நாற்காலி தேவைப்படும் நாள் யாருக்கும் வரலாம். இந்தக் காரணத்தாலேயே இப்போது பல வீடுகளில் அடிச்சட்டமே இல்லாமல், மூன்று பக்கச் சட்டத்தோடு நிலையை நிறுத்திவிடுகிறார்கள். உள் அறைகளுக்கு அது பொருத்தமே. தலைவாசலுக்கு அடிச்சட்டம் இல்லாவிட்டால் கதவுக்கடியில் மழைநீரும் பூரானும் நுழையும் என்பதோடு, கால்கள் இரண்டும் அடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் நாளடைவில் விலகவும் கூடும்.

பட்டறையார் சொன்ன தீர்வு எளியது, வேறெங்கும் நாங்கள் கேட்காதது. அடிச்சட்டத்தை வழக்கம்போல முழுக் கனத்தில் செய்து, அதன் பெரும்பகுதி தரைக்குள் போகும்படி பதித்து, உள்தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் மேலே தெரிய விட்டு, இரண்டு விளிம்புகளையும் சரித்து இழைத்துவிட்டார்கள். வெளித்தரை அதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்து, தெருப் பக்கமாகச் சரிந்து போகிறது. படி இருக்கிறது, மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க அதற்கு முகம் இருக்கிறது, ஆனால் கால் தடுக்குவதில்லை. தரைக்குள் போகும் பகுதியில் கரையான் மருந்து பூசி, அடியில் மண் தொடாதபடி சிமென்ட் கலவையைப் போட்டார்கள். தரை ஓடு பதிக்கும் முன்பே நிலையின் அடிமட்டத்தை முடிவு செய்தால்தான் இது நடக்கும் என்பதால், வீடு கட்டுகிறவர்கள் ஆசாரியையும் தரை வேலைக்காரரையும் ஒரே நாளில் வரவழைத்துப் பேசவைப்பது நல்லது. எங்கள் தரைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசாரி ரசமட்டத்தை வைத்து, நிலையின் அடியிலிருந்து வெளிப்படி வரை நூல் பிடித்துக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டார்.

கதவுக்கு முன்னுள்ள இடம், அதாவது என் தாயார் உண்மையில் கேட்ட வாசல், தச்சு வேலைக்குள் அடங்காது. ஆனாலும் அதற்கு ஆசாரி தந்த யோசனை ஒன்று வீட்டின் போக்கையே மாற்றியது. கட்டட வரைபடத்தில் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தது. கதவு வெளியே திறந்தால், படிக்கும் கதவுக்கும் இடையில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் பின்வாங்க வேண்டும், ஐந்தடி இடத்தில் மூன்றரை அடி கதவுக்கே போய்விடும் என்று சொல்லி, கீலை உள்பக்கம் மாற்றினார். அதன் பிறகு மீதமான சுவர் ஓரத்தில் ஒரு சிறு திண்ணைக்கும் இடம் கிடைத்தது. வாசல் என்றால் மரம் மட்டுமே என்று நினைக்கும் ஒருவரிடமிருந்து இந்த யோசனை வந்திருக்காது. கோலம் போடுவதற்கான இடத்தை அதற்கும் வெளியே, படிக்குக் கீழே, ஓடு பதிக்காமல் விட்டோம். வழவழப்பான ஓட்டில் மாவு நிற்பதில்லை. சொரசொரப்பான சிமென்டில் நிற்கிறது.

இனிக் குறைகள். பொருள் தருவதாகச் சொன்ன நாள் பலமுறை தள்ளிப்போயிற்று. நிலை வைப்பதற்கு நல்ல நாள் பார்த்து உறவினரை அழைக்க வேண்டியிருக்கும்போது இந்தத் தாமதம் சிறிய தொல்லை அல்ல. முகூர்த்த மாதங்களில் எல்லாரும் ஒரே சமயத்தில் நிலை கேட்பார்கள் என்பது பட்டறைக்குத் தெரியாததன்று. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே உண்மை நிலவரத்தைச் சொல்லியிருக்கலாம். வார்னிஷ் பூச்சு மற்றொரு குறை. நிலையின் முகப்பில் நன்றாக இருந்த பூச்சு, கீல் பதியும் பள்ளத்திலும் கதவின் மேல் விளிம்பிலும் சரியாகப் போடப்படவில்லை. கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணுக்குத் தெரியாதவை என்றாலும் மரம் ஈரத்தை உறிஞ்சுவது அங்கேதான். சுட்டிக்காட்டிய பிறகு ஒரு பையன் வந்து பூசிவிட்டுப் போனான். ஆனால் மணல்தாள் போடாமல் பூசியதால் மேல் விளிம்பு இன்னும் கரடாகவே இருக்கிறது. இணைப்பில் அவ்வளவு நுணுக்கம் காட்டும் ஓரிடம் மெருகை மட்டும் வேறு கைகளில் விட்டுவிடுவது வருத்தமாக இருக்கிறது.

கதவின் அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல். கஜலட்சுமி, மயில், மாங்காய்க் கொடி என்று கணினி இயந்திரத்தில் செதுக்கிய மாதிரிகளின் படங்கள் நிறைந்த தொகுப்பு ஒன்றை வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்றாலும், அலங்காரம் வேண்டாம் என்று சொன்னால் விலை எவ்வளவு குறையும் என்பதைக் கேட்ட பிறகே சொன்னார்கள். ஆழமில்லாத அந்த இயந்திரச் செதுக்கல்களின் மடிப்புகளில் தூசி சேர்ந்து ஓராண்டுக்குள் வார்னிஷ் கறுத்துவிடுவதை உறவினர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். மேல் சட்டத்தின் நடுவில் ஒரே ஒரு தாமரையைக் கையால் செதுக்கித் தரும்படி கேட்டோம். மூத்த ஆசாரி தம் கையாலேயே செய்தார். அதற்குத் தனிக் கூலி வாங்கினார். அது முற்றிலும் நியாயமே.

ஆயத்தமாகக் கிடைக்கும் இரும்புக் கதவுகளையும் மரத்தூள் பிளாஸ்டிக் கலந்த நிலைகளையும் நாங்கள் பார்க்காமல் இல்லை. விலை குறைவு, கரையான் பயமில்லை, குறித்த நாளில் வந்துவிடுகின்றன. வாடகைக்கு விடும் வீட்டுக்கோ, குளியலறைக்கோ அவற்றையே நானும் வாங்குவேன். தலைவாசலுக்கு வாங்காததற்குக் காரணம் பழமைப் பற்று மட்டும் அன்று. அவை வரும் அளவில் வரும். அடிச்சட்டத்தை அரை அங்குலத்துக்கு இழைக்கவோ, கீலை மறுபக்கம் மாற்றவோ, சாய்ந்த சுவருக்கு ஏற்பக் கால் ஒன்றைச் சீவவோ இடம் தருவதில்லை. தலைவாசல் வைக்கும் சுவர் எந்த வீட்டிலும் வரைபடத்தில் உள்ளபடியே நேராக எழும்புவதில்லை.

இந்தப் பட்டறைக்கோ இதுபோன்ற வேறொன்றுக்கோ போகிறவர்கள் "வாசல்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், நிலையின் உள் அகலம், சட்டத்தின் கனம் இழைப்புக்கு முன்னா பின்னா, அடிச்சட்டம் தரைக்கு மேல் எவ்வளவு தெரிய வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கதவுக்கும் முதற்படிக்கும் நடுவே எத்தனை அடி, கதவின் நான்கு விளிம்புக்கும் எத்தனை பூச்சு என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே பட்டறையாரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது. முன்பணத்தை ஒரே தவணையாகத் தர வேண்டாம்; மரம் எடுத்து வைத்ததைக் கண்ணால் பார்த்த பின் ஒரு பகுதி, நிலை கோத்துப் பார்த்த பின் ஒரு பகுதி, பதித்த பின் மீதி என்று பேசினால் அவர்கள் மறுப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஒருமுறை வந்து கதவைச் சரிபார்த்துத் தருவதாக எங்கள் பட்டறையார் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். கதவின் கீழ் மூலை ஒன்றில் லேசாக உரசல் இருந்தது. மூத்த ஆசாரி இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்து, அந்த விளிம்புக்கு மட்டும் தாமே வார்னிஷ் பூசி, கூலி வாங்காமல் போனார்.